இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்

பெரியவள் பத்தாம் வகுப்பு முடித்ததும்
அவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது.
மூடியில் ஒட்டியிருந்த பரீட்சை எண்ணைச்
சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.
உள்ளே இருந்தது வட்டம் போடும் காம்பஸ்.
எனக்கு வேண்டியது வடக்கு காட்டும் காம்பஸ்.
செக்காலை ரோட்டுக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டேன்,
இன்னொரு வட்டத்தைக் கட்டிக் கொடுத்தார்கள்.

பள்ளத்தூர் தபால் ஆபீசில் மதியம் கூட்டமிருக்காது.
பார்சல் தராசில் ஒவ்வொன்றாய் வைத்து எடுத்தேன்.
விசில் ஒன்பது கிராம்.
ஊறணித் தண்ணிக்குக் குளோரின் மாத்திரை,
அட்டையின் ஓரங்களைக் கத்தரித்தபின் நான்கு.
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருபத்தொன்று;
அது மட்டும் இரண்டு,
வைகாசியில் இந்தப் பக்கம் நடந்தால்
சட்டை முதுகில் உப்பு பூத்துவிடும்.

பார்சலுக்கு அரக்கு உருக்குகிற ஸ்டவ்விலேயே
மெழுகு காய்ச்சித் தீக்குச்சித் தலைகளை முக்கினேன்.
சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலம் வெட்டி
பெட்டிக்குப் பட்டை போட்டேன்.
மூடியையும் பிடிக்கும், ஈரத்தில் எரியவும் எரியும்.
ஊக்கு நான்கு, சீமைக்கருவேல முள்ளுக்கு.

தூண்டில் முள்ளும் போடுங்க என்றார் சேவுகன்.
மூன்றாம் பீட் தபால்காரர்,
ஞாயிற்று நடையில் எங்களுக்கு முன்னால் போகிறவர்.
எந்தக் கண்மாயில் மீன்? ஆனியில் அங்கே
கிரிக்கெட் அல்லவா நடக்கிறது என்றேன்.
இருந்தாலும் போட்டேன். அரை கிராம்.

பேனா வைக்கவில்லை, கசியும்.
கட்டைவிரல் நீளத்தில் மிஞ்சிய பென்சிலை வைத்தேன்.
பிளேடைச் சுற்றிய தாளில் எழுதினேன்:
பாம்புக்கடிக்கு அல்ல.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
இந்த ஊர்க் கல்யாணப் பத்திரிகை சில
இதைவிடக் கனம்.

ஆனி இரண்டாம் ஞாயிறு,
கைவிட்ட செம்புறாங்கல் குழிக்குள் நிழல் தேடி இறங்கினோம்.
சுவரெல்லாம் வெட்டுவரி, அடியில் சருகு.
அரம் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம்.
"சுருட்டை விரியன்" என்று சொல்லி உட்கார்ந்தார் சேவுகன்,
"வீடு பூட்டியிருக்கு" என்று
தபாலைத் திருப்பிக் கொண்டுவரும் அதே குரலில்.

பெட்டியைத் திறந்தேன்.
அது வடக்கைக் காட்டியது.
மாத்திரை, ஊக்கு, நூல், மீனுக்கான முள்.

விசிலை ஊதினேன். மேலே சிக்னல் தேடிக்கொண்டிருந்த
ஜகபர் எட்டிப் பார்த்தார்.
மூன்று முறை ஊத வேண்டுமென்று படித்திருந்தேன்.
எத்தனை ஊதினேனோ.

கணுக்காலில் அவர் கட்டியிருந்த கறுப்புக் கயிறு
சதைக்குள் புதையத் தொடங்கியது.
பிளேடால் அறுத்தேன்.
அன்றைக்குப் பிளேடுக்கு அந்த ஒரு வேலைதான்.

வீக்கத்தின் ஓரத்தைக் குறித்து நேரம் போட வேண்டும்.
வேர்த்த தோலில் பென்சில் எழுதாது.
இருபத்தாறு வருஷம் தேதிமுத்திரை குத்தியவளுக்கு
இது தெரியவில்லை.
ஒரு குச்சியைக் கிழித்து, அணைத்து, ஆறவிட்டு,
கரித்தலையால் கோடு இழுத்தேன்: 11.40.
நாற்பது வழிந்து பதினொன்று நின்றது.
வேனில் மறுபடி, 11.55,
இரண்டு விரற்கடை மேலே.

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து
இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்தார்கள்.
சாய்த்தபோது தண்ணீராய் ஓடியது.
கடித்த நேரம் என்ன என்றார் நர்ஸ்,
ஊசிமருந்துக் குப்பிகளை எண்ணிக்கொண்டே.
காலைக் காட்டினேன்.

சேவுகனுக்கு இப்போது உள்வேலை,
ஆறு வாரம் சைக்கிள் மிதிக்கக் கூடாது.
கடிதம் பிரிக்கும் மேசையிலிருந்தே கேட்டார்,
தூண்டில் முள்ளை எடுத்துட்டீங்களா?
எடுக்கவில்லை. பென்சிலைத்தான் எடுத்தேன்.
பாதியாய் வெட்டிய ரீஃபில்,
வெட்டுவாயில் மெழுகு, ஒரு கிராம்கூட இல்லை.
வேர்த்த கையில் எழுதிப் பார்த்துத்தான் வைத்தேன்.

அறுந்த கயிறு எங்கே என்று
அவர் வீட்டம்மா ஆள் விட்டுக் கேட்டார்.
குழியிலேயே கிடக்கும்.
புதுசு கட்டப் போகிறார்களாம்.
தளர்வாகக் கட்டச் சொல்லியனுப்பினேன்.